ஒற்றைக் குழல்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

துப்பாக்கியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி சுட்டவன் அல்லன். 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டம் இடம் தராது. எனக்கு 20 தான் ஆகிறது. எங்கள் வீட்டில் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு துப்பாக்கி இருந்தும், அதன் விசையில் விரல் வைக்கத் தாத்தா என்னை ஒருநாளும் விட்டதில்லை. அவர் துடைக்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் அனுபவம் அவ்வளவே.

கடந்த மாசி மாதம் தாத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதாண்டா படிச்சவன். அந்தத் துப்பாக்கிய வச்சுக்கலாமா, குடுத்துரலாமா, நீயே சொல்லு" என்றார். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது, மின்வாரியத்துக்கு மனு எழுதுவது எல்லாம் என் வேலை என்பதால் இதுவும் என் தலையில் விழுந்தது. உரிமம் பெற்றவர் இறந்தபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வாறே ஒப்படைத்து ரசீதும் வாங்கிவிட்டோம். ஆனால் அப்பாவின் கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. விற்றால் ஒரு நல்ல மிதிவண்டியின் விலை கிடைக்கலாம் என்றார்கள். அவ்வளவு சொற்ப மதிப்புள்ள ஒரு பழைய பொருளை விட்டுவிட மனம் வராததற்குக் காரணம் என்ன? இதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

தாத்தாவின் துப்பாக்கி '12 போர்' ஒற்றைக்குழல். இந்த 12 என்பது அங்குலமும் அன்று, மில்லிமீட்டரும் அன்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். நம் வகுப்பில் கற்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், ஆகவே உருண்டையின் பருமன் 3.33 கன சென்டிமீட்டர். அதிலிருந்து விட்டம் 1.85 சென்டிமீட்டர் என்று வருகிறது. பின்பு ஒரு நூலைப் புரட்டியபோது 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. செய்முறைத் தேர்வில்கூட என் விடை அவ்வளவு சரியாக வந்ததில்லை! 16 போர், 20 போர் என்று எண் கூடக்கூடக் குழல் சிறுப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கிவிடுகிறது.

இனி அதன் அமைப்பு. குழலையும் கட்டையையும் ஒரு கீல் இணைக்கிறது. மேலே ஒரு சிறு நெம்புகோல். அதைக் கட்டைவிரலால் தள்ளினால் பூட்டு விடுபட்டுக் குழலின் முன்பக்கம் தாழ்கிறது, பின்வாய் திறந்துகொள்கிறது. அங்கே ஒரு தோட்டாவைச் செருகி மூடினால் ஆயத்தம். வெளியே தெரியும் குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் உள்ளே சுருங்கியிருந்த வில் விடுபட்டுக் குதிரை பாய்ந்து ஊசியை அடிக்கிறது; ஊசி தோட்டாவின் அடியிலுள்ள தொப்பியைத் தட்டுகிறது; மருந்து பற்றுகிறது. மறுபடி திறக்கும்போது காலித் தோட்டாவின் விளிம்பைப் பற்றிச் சற்றே வெளியே தள்ளிக் கொடுக்க ஒரு சிறு துண்டு இருக்கிறது. இவ்வளவுதான். இப்படிக் குழலைத் தாழ்த்தித் திறக்கும் முறை 1830-களில் பாரிஸ் நகரத்து லெஃபோஷே என்பவரால் பரவலாயிற்று. அதற்கு முன் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்து மலைகளில் 'நாட்டுத் துப்பாக்கி' என்பார்களே, அது அந்தப் பழைய வகையைச் சேர்ந்தது.

தாத்தா அதைத் துடைக்க உட்கார்ந்தால் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்று துண்டுகளாகப் பிரித்துக் கோணிச் சாக்கின்மேல் வைப்பார். கருவி ஏதும் வேண்டாம், கை போதும். குழலின் ஒரு முனையைச் சன்னலை நோக்கிப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்வார். உட்சுவர் முழுதும் வெளிச்ச வளையங்களாகத் தெரியும். அந்த வளையம் எங்காவது உடைந்தால் அங்கே துரு என்று பொருள். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசுபிசுத்துவிடும். தையல் இயந்திர எண்ணெய்தான் வேண்டும் என்பது அவர் கட்டளை. வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நமக்கு எதுவும் புரிவதில்லை. கைபேசியையோ திறக்கவே முடியவில்லை. இரண்டாம் வகுப்புவரை படித்துப் பட்டாளத்தில் எழுத்துக் கூட்டப் பழகிய ஒரு மனிதர், ஒரு பொறியின் ஒவ்வோர் அங்கத்தையும் அதன் காரணத்தோடு அறிந்திருந்தார் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாயிருக்கிறது. நான் இயற்பியல் எடுத்ததற்கு அந்தக் கோணிச் சாக்கும் ஒரு காரணம்.

குழலின் அடிப்பக்கத்தில் மணிமுடிக் குறியும் சில எழுத்துகளும் பொறித்திருக்கும். அது பர்மிங்காம் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை. 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது அந்தச் சாலை. வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்திட்டு அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல், வீங்காமல் தப்பிய குழலுக்கு மட்டும் முத்திரை. தேர்வு எழுதித் தேறிய குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைத் துப்பாக்கி ஒருபோதும் பெருமக்களின் ஆயுதமாக இருந்ததில்லை. மன்னர்களும் துரைமார்களும் இரட்டைக்குழலோடுதான் புகைப்படத்துக்கு நிற்பார்கள். ஒற்றைக்குழல் ஏழைக் குடியானவனுக்கு உரியது. அமெரிக்காவில் 1871-இல் வூஸ்டர் நகரில் தொடங்கிய ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன் போன்ற நிறுவனங்கள் மலிவான ஒற்றைக்குழல்களை ஏராளமாகச் செய்து விற்றன. தபால் வழி வியாபாரிகள் அத்தகைய துப்பாக்கிகளைச் சில டாலருக்குப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார்கள். பண்ணைப் பையனின் கைக்கு வந்த முதல் துப்பாக்கி பெரும்பாலும் இதுவே. நம் நாட்டில் பீகாரின் முங்கேர் நகரம் 18-ஆம் நூற்றாண்டில் வங்க நவாபு மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்பெற்றது. ஒற்றைக்குழல்கள் அங்கும் தயாராகின்றன.

எளிய பொருள் என்பதால் குறையில்லாத பொருள் என்று எண்ண வேண்டா. முதல் குறை அதன் உதை. நியூட்டனின் மூன்றாம் விதி அறியாதவர் நம்மில் இல்லை. 30 கிராம் ஈய ரவை வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், 2.7 கிலோ எடையுள்ள ஒற்றைக்குழல் வினாடிக்கு 4.1 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. அதே தோட்டாவை 3.2 கிலோ எடையுள்ள இரட்டைக்குழலில் சுட்டால் வேகம் 3.5 மீட்டர்தான். ஆற்றலாகப் பார்த்தால் ஏறக்குறைய 23 ஜூலுக்கு 19 ஜூல். மருந்து வாயுவின் பங்கையும் சேர்த்தால் இரண்டுமே கூடும். எடை குறைவு என்று தூக்கிச் சுமப்பவன் மகிழ்வதற்கான விலையைத் தோள் கொடுக்கிறது. இரண்டாவது, பழைய குழல்களின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்றே கடையப்பட்டிருக்கும். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் ஒழுங்காக நுழைந்துவிடும். சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். அதுதான் அபாயம். நாடா நாடாகச் சுற்றிப் பற்றவைத்த 'டமாஸ்கஸ்' குழல்களோ கரிமருந்துக் காலத்தவை; இக்காலத் தோட்டாவை அவற்றில் இடுவது தற்கொலைக்கு ஒப்பானது. மூன்றாவது குறையைப் பெயரே சொல்கிறது. ஒரு முறைதான் சுடலாம்.

ஆனால் இந்த மூன்றாவது குறையைத்தான் தாத்தா அதன் பெருமையாகச் சொல்வார். "ரெண்டாவது தோட்டா இருக்குன்னு நெனப்பு வந்துட்டா, மொதத் தோட்டாவுக்கு மரியாத இல்ல" என்பார். எங்கள் கடலைக்காட்டுக்குப் பன்றிக் கூட்டம் வந்த ஓர் இரவில் அவர் துப்பாக்கியோடு போனதை அப்பா சொல்லியிருக்கிறார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நினைத்தபடி வேட்டையாட இடமில்லை. வானத்தைப் பார்த்து ஒரே வெடி. பன்றிகள் ஓடின. அப்பா இன்னொரு தோட்டாவை நீட்டினாராம். தாத்தா வாங்கவில்லை, துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். விடியும்வரை திறந்த துப்பாக்கி மடியிலேயே கிடந்ததாம்.

இங்கே சட்டத்தின் வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். இதை அறியாமல் உரிமத்தின் மேலுள்ள பற்று விளங்காது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் கும்பினி அரசு தென்னாட்டில் ஆயுதங்களைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்குக் கட்டுப்பாடு. அகிம்சை போதித்த காந்தியடிகளே அச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தரிக்கும் உரிமையும் இடம்பெற்றது. அரசியல் சாசனத்தில் அது சேரவில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது. அதில்கூட, காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழக் குழல் துப்பாக்கி கேட்பவருக்குத் தனி இடம் உண்டு. ஒற்றைக்குழல்தான் குடிமகன் கேட்கக்கூடிய ஆயுதங்களில் மிக எளியது.

நமக்கு அண்டையிலுள்ள குடகு நாட்டில் நிலை வேறு. 1861 முதல் கொடவர்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு; 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போல்து என்னும் பண்டிகையில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, இறப்புக்கு இரண்டு வெடி என்பது அவர்கள் வழக்கம். அவர்களுக்கு அது குலச்சொத்து. எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. தாத்தாவின் தகப்பனார் கூலிக்கு ஏர் பிடித்தவர்.

தாத்தா வெல்லிங்டனில் பயிற்சி பெற்றுச் சிப்பாயாக இருந்து 1979-இல் ஓய்வு பெற்றார். கையில் சிறு ஓய்வூதியம், வீட்டில் நான்கு வயிறுகள். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால் காவல் வேலைக்குச் சம்பளம் கூடுதல் என்று யாரோ சொல்ல, இரண்டு ஆண்டு அலைந்து உரிமம் வாங்கினார். பாட்டியின் தோடு விற்ற பணத்தில் வந்தது இந்தப் பழைய துப்பாக்கி. எங்கள் வீட்டில் அப்போது பட்டா கிடையாது. வீடே புறம்போக்கில் இருந்தது. ஆட்சியர் அலுவலக முத்திரையோடு தாத்தாவின் பெயரும் படமும் தாங்கி எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் அந்த உரிமப் புத்தகம்தான். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை நிலையத்தில் கொடுத்துவிட்டு வருவார். ஊரில் யாரிடமும் இல்லாத வேலை அவருக்கு இருப்பதாக அதிலும் ஒரு பெருமிதம்.

அம்மாவுக்கு மட்டும் அதைப் பிடிக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் என்ன துப்பாக்கி என்பாள். நியாயமான கேள்வி. வீட்டுத் துப்பாக்கி யாரைச் சுடும் என்பதை ஆத்திரமும் குடியும் தீர்மானித்த செய்திகள் நாளேட்டில் வராமல் இல்லை. தாத்தா தோட்டாக்களை வேறு பெட்டியில் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். ஆயினும் அம்மா அந்த அறையில் ஒருநாளும் படுத்ததில்லை. அப்பா கேட்டபோது, 'கொடுத்துவிடலாம்' என்று சொல்லிவிடத்தான் நானும் முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் கேதம் கேட்க ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். தாத்தா காவல் இருந்தது ஒரு நிதி நிறுவனத்தில். 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய பல நிதி நிறுவனங்கள் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதும், வைப்புதாரர் நலன் காக்க 1997-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தாத்தாவின் நிறுவனமும் அப்படியே. பணம் போட்டவர்கள் ஒரு மாலையில் வாசலில் கூடிவிட்டார்கள். அந்த ஆசிரியரும் அக்கூட்டத்தில் இருந்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமாம். உள்ளிருந்து ஒருவர் வந்து, துப்பாக்கியைத் தூக்கிக் கூட்டத்தை மிரட்டும்படி தாத்தாவிடம் சொன்னார். கூட்டத்தில் பாதிப்பேர் தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள். கற்கள் வேறு பறக்கத் தொடங்கிவிட்டன.

தாத்தா படியில் இரண்டடி முன்னே வந்தாராம். நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியைத் திறந்தார். தோட்டாவை உருவி எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டிப் பையில் போட்டுக்கொண்டார். வாய் பிளந்த துப்பாக்கியை முழங்கையில் தொங்கவிட்டபடி அங்கேயே நின்றார். "திறந்த துப்பாக்கி சுடாதுன்னு பாக்குற எல்லாருக்குமே தெரிஞ்சுது தம்பி. அதுக்கப்புறம் யாரும் கல்லெடுக்கல" என்றார் ஆசிரியர். பணம் யாருக்கும் முழுதாகத் திரும்பவில்லை. தாத்தாவுக்கும் கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தச் சம்பவத்தை அவர் யாரிடமும், பாட்டியிடம்கூட, சொன்னதில்லை.

அன்றிரவு நான் நெடுநேரம் யோசித்தேன். பெட்டியடைவுள்ள தானியங்கித் துப்பாக்கியாக இருந்திருந்தால், அதனுள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தூரத்தில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? காவல்காரன் மனத்திலிருப்பதை அந்த ஒற்றைக்குழல் ஊராருக்குத் திறந்து காட்டியது. மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, குதிரை எழுந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பதெல்லாம் வெளியே தெரிகிற பொறி அது.

அப்பாவிடம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். வாரிசு என்ற முறையில் அவர் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். உரிமம் எதற்கு வேண்டும் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது அப்பா வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கய்யாவோடதுன்னு எழுது" என்றார். அப்படி எழுத இடமில்லை என்று விளக்கி, பாதுகாப்பு என்றே எழுதினேன். விண்ணப்பம் இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள். துப்பாக்கி வரட்டும், தோட்டா வீட்டுக்குள் வரக்கூடாது. அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.